பாட்டைப் பூட்டும் பாழ்ம்பெருமை

பாட்டு ஒருவன் தொண்டையில் பிறந்து ஊரார் காதுகளில் வாழ்வது. பாடுகின்றவன் ஒருவனே யாயினும், கேட்கின்றவர் பலராகும்போதே அது பாட்டாக நிலைபெறுகின்றது. 'இசை' என்னும் தூய தமிழ்ச்சொல் இவ்வுண்மையைத் தன்னுள்ளேயே தாங்கி நிற்கின்றது. இசைதல் என்பது பொருந்துதல், ஒத்தல், ஒன்றாதல். குரலொடு குரல் இசைவதும், குரலொடு யாழ் இசைவதும், பாடுவான் நெஞ்சொடு கேட்பான் நெஞ்சு இசைவதும் இசையே. புகழுக்கும் இசை என்பதே பெயர். அதுவும் பலர் வாயில் வாழ்வதன்றோ! அவ்வாறாயின், பலரொடும் இசையாது ஒருவனுடைய பேழைக்குள் ஒடுங்கிக் கிடப்பது எங்ஙனம் இசையாகும்?

இவ்வினாவை எழுப்ப வேண்டிய தேவை, அரிய இசைத்தட்டுகளைத் திரட்டுவோர் சிலரால் நேர்ந்தது. ஒரு நிமையத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய அரக்குத் தட்டுகளையும், பின்வந்த சிறு தட்டுகளையும் தேடித் தேடித் தொகுப்போர் உலகெங்கும் உளர். அவர்தம் உழைப்பு இழிவானதன்று. நிறுவனங்கள் குப்பையில் எறிந்தவற்றை அவர்கள் எடுத்துத் துடைத்து வைத்திராவிடின், பல குரல்கள் மண்ணோடு மண்ணாகியிருக்கும். அத்தொண்டை மறுப்பது நன்றி கொல்வதாகும்.

ஆயின், தொண்டு எங்கே முடிகின்றதோ அங்கே செருக்குத் தொடங்கிவிடுகின்றது. "என்னிடம் உள்ளது, உன்னிடம் இல்லை" என்னும் ஒற்றை மகிழ்ச்சியே பலர்க்குப் பாட்டினும் இனிதாகிப் போகின்றது. மறுபதிப்பில் கேட்டவன் கேட்டவனல்லன் என்பதும், பலர்க்கும் பிடித்த பாட்டு பாட்டே அன்று என்பதும், பெயர் தெரியாமல் தலையாட்டி மகிழ்ந்தவன் சுவைஞனல்லன் என்பதும் அவர்தம் எழுதாச் சட்டங்கள். இசைக்குள்ளும் ஒரு தீண்டாமையைப் புகுத்தும் மேட்டிமை இது.

ஏழையின் பாட்டு, செல்வனின் பேழை

இம்மேட்டிமையின் முழு உருவையும் காண விழைவார், அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் பிறந்த 'புளூசு' என்னும் துயர்ப்பாட்டின் வரலாற்றைக் காண்க. அடிமைத்தளையினின்று சட்டத்தால் விடுபட்டும் வாழ்க்கையால் விடுபடாத கறுப்பின மக்கள், பருத்திக் காடுகளில் முதுகொடிய உழைத்து, இரவில் ஒரு நரம்புக் கருவியை மீட்டிப் பாடிய பாட்டு அது. 1920களில் அப்பாட்டு இசைத்தட்டில் ஏறியது. அதனை ஏற்றிய நிறுவனங்களுள் ஒன்றான பாரமவுண்டு, விசுகான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்துவந்த ஒரு நிறுவனத்தின் கிளை. இசைத்தட்டுப் பெட்டிகளையும் செய்து விற்ற அந்நிறுவனம், பெட்டி விற்கவேண்டுமாயின் தட்டும் வேண்டும் என்று கருதியே தட்டுத் தொழிலில் புகுந்தது. பாடியவர்தம் கலைமீது அதற்குத் தனிக் காதல் ஒன்றும் இருந்ததில்லை.

ஒரு தட்டின் விலை முக்கால் டாலர் அளவே. கறுப்பின மக்களின் செய்தித்தாள்களில் விளம்பரம் வந்தது. அஞ்சலிலும் தட்டுகள் சென்றன. வாங்கியவர் உழவர், சமையற்பெண்டிர், கூலியாள்கள். தேயத் தேயக் கேட்டனர், கூடி ஆடினர். பின்னர்ப் பெரும் பொருளியல் வீழ்ச்சி வந்தது. 1932இல் பாரமவுண்டு ஒலிப்பதிவை நிறுத்திற்று. தாய்த்தகடுகள் பேணப்படவில்லை. 1942இல், போரினால் அரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பழைய தட்டுகள் பல உருக்குவதற்காகத் திரட்டப்பட்டன. எஞ்சியவை ஏழையர் வீட்டுப் பரண்களில் கிடந்தவையே.

அப்பரண்களிலிருந்து அவை எவ்வாறு வெளியேறின? திரட்டுவோர் தென்மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டிச் சில்லறைக் காசுக்கு வாங்கினர். இன்று அவற்றுள் சில தட்டுகளின் விலை ஒரு வீட்டின் விலையோடு போட்டியிடுகின்றது. தாமி சான்சன் என்னும் புளூசுப் பாடகரின் ஒரு தட்டு 2013இல் இணைய ஏலத்தில் 37,100 டாலருக்குப் போயிற்று. அப்போது அறியப்பட்டிருந்த அதன் படிகள் இரண்டே. பாடியவரோ 1956இலேயே மறைந்துவிட்டார். பழந்தட்டுக் கைமாறும்போது பாடியவனுக்கோ அவன் வழியினர்க்கோ ஒரு காசும் சேர்வதில்லை.

அவ்வகைப் பாடகர்க்கெல்லாம் தலைவர் என்று திரட்டாளரால் போற்றப்படுபவர் சார்லி பாட்டன். அவர் 1934இல் மிசிசிப்பி மாநிலத்தில் இறந்தார். அவர்தம் தட்டுகளைத் தேடி அலைந்தவர் பலர். கீறல் ஒவ்வொன்றையும் எண்ணி விலை பேசியவர் பலர். அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்று நாட்டப்பட்டதோ 1991இல்! ஐம்பத்தேழு ஆண்டுகள்! அரக்குத் தட்டுக்குக் கிடைத்த பட்டுறை, அதிற் பாடிய மாந்தனுக்குக் கிடைக்கவில்லை. பாட்டின் மீதுள்ள காதலுக்கும் பண்டத்தின் மீதுள்ள பற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டுவது எது?

பலர் விரும்பியது பழுதுடையதா?

1959இல் சாமுவேல் சார்ட்டர்சு என்பவர் நாட்டுப்புறப் புளூசைப் பற்றி ஒரு நூல் எழுதி, உடன் ஓர் இசைத்தொகுதியையும் வெளியிட்டார். பொதுமக்கள் பலர் அப்பாட்டை முதன்முதல் அறிந்தது அதன் வழியே. மகிழவேண்டிய திரட்டாளரோ சினங்கொண்டனர். சார்ட்டர்சு எடுத்துக் காட்டியவருட் சிலர் நிரம்ப விற்ற பாடகர் என்பதே குற்றச்சாட்டு. நியூயார்க்கின் புருக்லின் பகுதியில் ஒரு சிற்றறையில் வாழ்ந்து, கட்டிலின் கீழ்த் தம் தட்டுகளை வைத்திருந்த சேம்சு மெக்கூன் என்னும் திரட்டாளர், இப்பாட்டைத் திரட்டுவோர் இருபதின்மர் அளவே என்றும், மிகுதியாக விற்றவர் யார் என்பது அவர்க்குப் பொருட்டன்று என்றும் இதழொன்றில் எழுதினார். அக்குழுவினர் 'உண்மையான' நாட்டுப்புறப் புளூசு இதுவே என்று பறைசாற்றும் தலைப்பில் மறுதொகுதி ஒன்றையும் வெளியிட்டனர்.

மெக்கூனுடைய செவி கூரியது என்பதில் ஐயமில்லை. பாட்டனின் பெருமையை உலகம் உணர்தற்கு அவர் செவியும் ஒரு கரணியம். ஆயினும், அவ்விருபதின்மர் கூற்றில் ஒளிந்து நிற்கும் கருத்தைக் கவனித்தல் வேண்டும். எவர் பாட்டு அது? கறுப்பின ஏழை மக்களின் பாட்டு. எவர் காசு கொடுத்து வாங்கியது? அதே மக்கள். அம்மக்கள் மிகுதியாக விரும்பி வாங்கிய பாடகர் தாழ்ந்தவர். அவர்கள் குறைவாக வாங்கியதால் அரிதாய்ப் போன தட்டில் பாடியவர் உயர்ந்தவர்! பாட்டைப் பிறப்பித்த மக்களின் சுவையைப் பாட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, எங்கோ ஒரு நகரத்து அறையில் அமர்ந்த இருபதின்மர் அதற்கு நடுவராகிவிட்டனர். உழுதவனைக் களத்திலிருந்து விரட்டிவிட்டு நெல்லின் தரத்தை அளப்பவனுக்கும் இவர்க்கும் என்ன வேறுபாடு?

அருமை வேறு, பெருமை வேறு. ஒரு தட்டு அரிதாவது அது விற்காமற் போனதாலும், உடைந்ததாலும், உருக்கப்பட்டதாலும். அது தற்செயல். பாட்டின் சிறப்போ பாடியவன் நெஞ்சிலும் திறத்திலும் விளைவது. முன்னதைப் பின்னதாகக் காட்டுவது, அகப்படாமையையே அழகென்று விற்கும் வணிகத் தந்திரமேயன்றி வேறன்று.

உயிரோடிருந்தவரை மீட்டுத் தந்த படி

பூட்டினால் விளையும் கேடும் திறந்தால் விளையும் நன்மையும் மிசிசிப்பி சான் அர்ட்டு என்னும் ஒருவர் வாழ்க்கையிலேயே விளங்கும். அவர் 1928இல் சில பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். தட்டுகள் மிகுதியாக விற்கவில்லை. அவர் தம் ஊர்க்குத் திரும்பி உழவுத் தொழிலில் ஆழ்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அவரைத் தேடி எவரும் வரவில்லை.

1952இல் ஆரி சுமித்து என்னும் திரட்டாளர் ஓர் அரிய செயலைச் செய்தார். தாம் தொகுத்து வைத்திருந்த தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்து, மறுபதிப்பாகப் பொதுமக்கள்முன் வைத்தார். அர்ட்டின் பாட்டுகள் இரண்டும் அவற்றுள் இருந்தன. இளைஞர் பலர் அக்குரலில் மயங்கினர். பின்னர், அவர்தம் இன்னொரு பழம்பாட்டு ஒலிநாடாவில் படியெடுக்கப்பட்டுக் கைமாறி வந்தது. அதில் அவர் தம் ஊர் அவலான் என்று பாடியிருந்தார். 1963இல் ஓர் இளைஞர் அவ்வூரைத் தேடிச் சென்றார். எழுபது அகவையை எட்டிய அர்ட்டு அங்கே உயிரோடு இருந்தார். விரல்களின் திறமும் குறையாதிருந்தது! அவ்வாண்டே நியூபோர்ட்டு இசைவிழாவில் பல்லாயிரவர்முன் பாடினார். 1966இல் மறைந்தார்.

மூன்றே ஆண்டுகள்! அவர் பாட்டு பத்தாண்டு முன்னரே பலர் செவிக்கு எட்டியிருப்பின், பதின்மூன்று ஆண்டுகள் அவர் மேடையில் வாழ்ந்திருக்கக் கூடுமன்றோ? அவரைக் கண்டுபிடித்தது மூலத்தட்டின் மதிப்பன்று, அதன் படி. எந்தப் படியைத் திரட்டாளர் சிலர் இழிவாகப் பார்க்கின்றாரோ, அந்தப் படியே ஒரு மாந்தனை மறதியிலிருந்து மீட்டது. பேழைக்குள் பூட்டிய தட்டு எவரையும் எவ்வூர்க்கும் வழிகாட்டாது.

பெயரை மறைத்த கயமை

இங்கிலாந்தின் வடபகுதித் தொழில்நகரங்களில் 1970களில் 'நார்தர்ன் சோல்' என்றோர் இசைப்பற்று எழுந்தது. ஆலைத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் இரவு முழுதும் கூடி, அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் மறக்கப்பட்ட சிறு தட்டுகளுக்கு ஆடினர். 1973 முதல் 1981 வரை விகன் நகரின் ஆடரங்கு அதற்குத் தலைமையிடமாய் இருந்தது. எளிய மக்களின் எழுச்சியாகத் தொடங்கிய அதனுள்ளும் மேட்டிமை புகுந்தது. அங்குத் தட்டுகளை இயக்குவோரிடையே போட்டி மூண்டது. தம்மிடமுள்ள தட்டைப் பிறர் தேடிப் பிடித்துவிடலாகாது என்று, தட்டின் நடுவிலுள்ள பெயர்த்தாள்மேல் வேறு தாளை ஒட்டிப் பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் மாற்றினர்!

பிராங்கு வில்சன் என்பார் 1965இல் பாடிய பாட்டொன்று விற்பனைக்கு வராமலே நிறுத்தப்பட்டது. மிகச் சில படிகளே தப்பின. அப்பாட்டு வடபுல ஆடரங்குகளில் எட்டி பாசுட்டர் என்னும் வேறொருவர் பெயரில் உலவியது. பாடியவன் ஒருவன், புகழ் பெற்ற பெயர் மற்றொன்று. அதன் ஒரு படி 2009இல் 25,000 பவுண்டிற்கு மேலும், 2020இல் 1,00,000 பவுண்டிற்கும் விலைபோயிற்று. இரண்டாம் விற்பனைக்கு எட்டாண்டு முன்னரே, 2012இல், வில்சன் காலமாகிவிட்டார்.

ஒரு பாடகனுக்கு எஞ்சுவது பெயர் ஒன்றே. கூலி செலவாகிவிடும், குரல் தளர்ந்துவிடும், பெயர் நிற்கும். அதனையும் தாளொட்டி மறைப்பவர் அவன் பாட்டைக் காப்பவர் ஆவரோ? இன்றும் அவ்வகை அரங்குகள் சிலவற்றில் மூலத்தட்டு வைத்திருப்பவரே இயக்கலாம். மறுபதிப்பை இயக்குவது மானக்கேடு. கண்ணை மூடி ஆடுகின்றவன் காலுக்கு மூலமும் மறுபதிப்பும் ஒன்றே. வேறுபாடு காதிற்கன்று, பணப்பைக்கே.

ஒரே ஒரு படி

இம்மேட்டிமை எங்கே சென்று முடியும் என்பதை 2015ஆம் ஆண்டு காட்டிற்று. அமெரிக்காவின் வூ-தாங்கு கிளான் என்னும் இசைக்குழு ஓர் இசைத்தொகுதியை ஒரே ஒரு படியாக மட்டும் செய்து விற்றது. வாங்கியவர் 88 ஆண்டுகள் அதனை வணிகமுறையில் வெளியிடலாகாது என்பது கட்டுப்பாடு. அதனை 20 இலக்கம் டாலருக்கு வாங்கியவர் மார்ட்டின் சுக்ரெலி என்னும் மருந்து நிறுவனத் தலைவர்.

அவர் எவர்? நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர்க்குத் தேவையான ஒரு மருந்தின் உரிமையை வாங்கி, 13.50 டாலராக இருந்த ஒரு மாத்திரையின் விலையை, அதே 2015இல், ஒரே வீச்சில் 750 டாலராக ஏற்றியவர்! பிணியாளன் வாய்க்கும் மருந்துக்கும் இடையே நின்று விலை வைத்த அதே கை, கேட்பான் காதுக்கும் பாட்டுக்கும் இடையேயும் நின்றது. இது தற்செயல் ஒற்றுமையன்று. இரண்டும் ஒரே நோய். பிறர்க்கு எட்டாமையே தன் பெருமை என்னும் நோய். பின்னர் அவர் பணமுதலீட்டு ஏமாற்று வழக்கில் 2017இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அத்தொகுதியை அரசு கைப்பற்றி 2021இல் விற்றது.

"விலை கொடுத்து வாங்கியது, என் உடைமை" என்று திரட்டாளர் கூறலாம். தட்டு உடைமையே, அதனை எவரும் பறிக்கவேண்டுவதில்லை. பாட்டு உடைமையன்று. "படியெடுத்துக் கொடுத்தால் என் தட்டின் மதிப்புக் குறையும்" என்று கூறலாம். அவ்வாறு கூறுபவர் தாம் விரும்பியது பாட்டையன்று, விலையையே என்று தம் வாயாலேயே ஒப்புக்கொள்கின்றார். "மூலத்தட்டின் ஒலியே தூயது" என்று கூறலாம். அவ்வாறாயின் அத்தூய ஒலியைப் பலர் கேட்கச் செய்வதன்றோ தூய்மைக்குச் செய்யும் சிறப்பு?

தமிழர்க்குரிய பாடம்

இஃது எங்கோ வெள்ளையர் நாட்டில் நிகழ்ந்த கதை என்று தமிழர் ஒதுக்கிவிடுதற்கில்லை. அப்பழந்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கே இந்தியக் காடுகளின் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டுச் சென்றதுதான். தமிழ்ப்பாட்டும் அதே அரக்கில்தான் பதிந்தது. செங்கோட்டையில் 1906இல் பிறந்து, நாடக மேடையை ஆண்டு, 1933இல் இருபத்தேழே அகவையில் மறைந்த கிட்டப்பாவின் குரல் எதில் வாழ்கின்றது? அவர் எத்திரைப்படத்திலும் நடித்திலர். தேய்ந்த அரக்குத் தட்டுகளே அக்குரலின் ஒரே இருப்பிடம். தமிழின் முதற் பேசும்படம் 1931இல் வெளிவந்தது. அதன் படி ஒன்றேனும் இன்று இல்லை. பேணாததும் அழிந்தது, பேணிப் பூட்டுவதும் அழிவுக்கு இன்னொரு பெயரே. பூட்டியவன் மறைந்த மறுநாள், அப்பெட்டியின் அருமையறியாத கை அதனைப் பழம்பொருட் கடைக்கு எடைக்கு அனுப்பிவிடும்.

இசைச்சுவைஞரின் மேட்டிமையும் தமிழ்மண்ணுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டு மேடையிலேயே தமிழ்ப்பாட்டைக் கச்சேரியின் கடைக்கோடியில் 'துக்கடா' என்று ஒதுக்கிவைத்த காலம் ஒன்றிருந்தது. கேட்பவனுக்கு விளங்காமையே இசையின் உயர்வு என்று கருதிய செருக்கு அது. அதனை எதிர்த்தே தமிழிசை இயக்கம் கிளர்ந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. விளங்காத மொழியால் மக்களை விலக்கியவனும், கிடைக்காத தட்டால் மக்களை விலக்குபவனும் உடன்பிறந்தாரே.

இன்னும் பின்னோக்கின், ஏட்டுச்சுவடிகளின் வரலாறு தமிழர் கண்முன் நிற்கின்றது. வழிவழிச் சொத்து என்று பூட்டி வைத்த சுவடிகள் செல்லரித்தன. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டன. யாழ்ப்பாணத்துத் தாமோதரனார் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். உ.வே. சாமிநாதர் ஊரூராய்த் திரிந்து சுவடி திரட்டிச் சிந்தாமணியை 1887இலும், புறநானூற்றை 1894இலும் வெளியிட்டார். அவர்களும் திரட்டாளரே! கிடைத்தற்கரிய சுவடி தம் கைக்கு வந்ததும் அவர்கள் அதனைத் தம் அலமாரியின் அணியாக்கிக்கொள்ளவில்லை, ஒன்றை ஓராயிரமாக்கினர். ஒற்றைச் சுவடியின் உரிமையாளர் என்னும் பெயரை விட்டுக்கொடுத்து, ஓர் இனத்தின் நினைவை மீட்டவர் என்னும் பெயரைப் பெற்றனர்.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. கோட்டையூர் உரோசா முத்தையா வாழ்நாள் முழுதும் நூலும் இதழும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஓரிலக்கம் எண்ணிக்கையுடைய அத்திரட்டு சிதறாமல் காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றது. திரட்டு என்பது மக்களிடம் வந்து முடியவேண்டியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

செய்யவேண்டுவது அரிய செயலன்று. தமிழ் இசைத்தட்டு வைத்திருப்போர் ஒவ்வொருவரும், தட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதன் ஒலியைப் படியெடுத்து ஒரு நூலகத்திற்கேனும் பொது ஆவணத்திற்கேனும் அளித்தல் வேண்டும். பாடியவர் பெயர், கருவி இயக்கியவர் பெயர், தட்டின் எண், பதிந்த ஆண்டு ஆகியவற்றை எழுதி உடன் வைத்தல் வேண்டும். கேட்டு மகிழ வரும் இளைஞனை, "உனக்கு இது தெரியுமா, அது தெரியுமா?" என்று தேர்வு வைத்து விரட்டாமல், அமரச் செய்து கேட்கவிடல் வேண்டும். இன்று அறியாது கேட்பவனே நாளை அறிந்து காப்பவன்.

ஈயாமல் வைத்துக் காக்கும் செல்வத்தைக் கடிதற்கென்றே வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என்றோர் அதிகாரம் வகுத்தார். பொன்னைப் பூட்டினவனேனும் ஒருநாள் அதனை விற்று உண்ணலாம். பாட்டைப் பூட்டினவன் எதனை உண்பான்? கேட்பாரற்ற பாட்டு ஊமையனின் கனவு. அரக்குத் தட்டு ஒருநாள் உடையும், பேழை மக்கும், பூட்டியவன் பெயரும் மறையும். ஊர்வாயில் ஏறிய பாட்டு ஒன்றே நிற்கும்.

பூட்டுகள் திறக்கட்டும்! பாட்டு வெளிவரட்டும்! இசை, தன் பெயர்க்கேற்ப, எல்லாரோடும் இசையட்டும்!